ஆலைச் சங்கு ஓய்ந்த ஊர்: உழைப்பாளர் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

(உள்ளூர் வரலாற்றைத் தொகுப்பது குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பை மாநகரின் நடுப்பகுதியில் உள்ள பரேல், லால்பாக், வொர்லி, சிவ்ரி, நய்காவ், பைகுல்லா ஆகிய பகுதிகளைச் சேர்த்து மராத்தி மக்கள் ‘கிரண்காவ்’ என்று அழைக்கின்றனர். ‘கிரணி’ என்றால் ஆலை. ‘காவ்’ என்றால் ஊர். நிர்வாக வரைபடத்தில் இப்படியொரு வார்டு கிடையாது. மக்கள் வழக்கில் பிறந்து, மக்கள் வழக்கிலேயே நிலைத்த பெயர் அது.

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் நிறுவிய நூற்பு ஆலை 1856இல் தார்தேவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு கொங்கணக் கடற்கரையின் ரத்னகிரியிலிருந்தும், தக்காணத்தின் சத்தாரா, கோலாப்பூர் பகுதிகளிலிருந்தும், வட இந்தியாவிலிருந்தும் நிலமற்றோரும் சிறு விவசாயிகளும் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து சேர்ந்தனர். 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 ஆலைகளில் இரண்டரை லட்சம் பேர் வேலை செய்தனர். இன்று அந்த வளாகங்களில் வணிக மாளிகைகளும் சொகுசுக் குடியிருப்புகளும் நிற்கின்றன. ‘பீனிக்ஸ் மில்ஸ்’ என்று சொன்னால் இளைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது ஒரு வணிக வளாகம் மட்டுமே. ஆங்காங்கே எஞ்சியுள்ள புகைபோக்கிகள் அலங்காரத் தூண்களாக மாறிவிட்டன.

இத்தகைய ஓர் ஊரின் வரலாற்றைப் பழைய புகைப்படங்கள், ஆவணங்கள், மக்களின் வாய்மொழி ஆகிய மூன்றையும் கொண்டு எவ்வாறு மீட்டெடுப்பது என்பதே இவ்வுரையின் பொருள். பழம்பெருமை பேசுவதற்காக இந்த வேலை தேவைப்படவில்லை. கிரண்காவில் வரலாறு என்பது வாழ்வுரிமையோடு பிணைந்த பிரச்சனையாக இருக்கிறது.

வீட்டுக்குச் சாட்சி சொல்லும் காகிதம்

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வு, போனஸ் ஆகிய கோரிக்கைகளோடு மற்றொரு கோரிக்கையும் அதில் இருந்தது. 1946ஆம் ஆண்டின் பம்பாய் தொழில் உறவுச் சட்டப்படி, ஒரு தொழிலில் ஒரு சங்கமே பிரதிநிதித்துவச் சங்கம். காங்கிரஸ் சார்பு ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கம் அந்த இடத்தில் அமர்ந்திருந்தது. அந்த ஏற்பாட்டை ஒழிக்க வேண்டும் என்பதே அக்கோரிக்கை. ஓராண்டையும் தாண்டி நீண்ட அந்த வேலைநிறுத்தம் முறைப்படி ஒருபோதும் திரும்பப் பெறப்படவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அதன் பிறகு சண்டை நிலத்தின் மேல் திரும்பியது. ஆலைகளின் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 600 ஏக்கர். 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி, ஆலை நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு என்று வகுத்தது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் ஏதுமின்றி ஏற்கெனவே காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டுமே இந்தப் பங்கீடு பொருந்தும் என்றானது. ஆலைக் கட்டடங்கள் நின்ற நிலம் பங்கீட்டிலிருந்து தப்பியது. மக்களுக்கு வரவேண்டிய பங்கு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

தொழிலாளர்கள் விடாது போராடியதன் விளைவாக, ஆலை நிலத்தில் முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்களது வாரிசுகளுக்கும் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ ஆலையில் வேலையில் இருந்தவர்களே அதற்குத் தகுதியுடையவர்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2012இல் நடந்த குலுக்கலில் 6,925 வீடுகள் ஒதுக்கப்பட்டன.

இங்கேதான் ஆவணம் குறுக்கே வந்து நிற்கிறது. ஆலையில் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி. அடையாள அட்டை, டிக்கெட் எண், வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றில் எதையேனும் காட்டியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் மூடிய ஆலையின் ஹாஜர் பதிவேட்டைத் தேடி அவர் எங்கே போவார்? வேலைநிறுத்தக் காலத்தில் குடும்பத்தோடு சொந்தக் கிராமத்துக்குப் போனவர் எதைக் கையோடு கொண்டுபோனார், எதை விட்டுச் சென்றார்? ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைத்த பதிலித் தொழிலாளிக்கு எந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தது? தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்ட ஒரு காகிதம் ஒரு குடும்பத்துக்கு வீட்டைத் தரவும் மறுக்கவும் வல்லது. உழைப்பாளரின் ஆவணத்தை யார் பாதுகாப்பது என்ற கேள்வியின் கனம் இதில் தெரியும்.

புகைப்படம் காட்டுவதும் மறைப்பதும்

பழைய புகைப்படம் கையில் கிடைத்தவுடன் அதை உண்மையின் நகலாக எடுத்துக்கொள்வது இயல்பு. படத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கும் முன், எடுத்தவர் யார், யாருடைய தேவைக்காக எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஆங்கிலேய அரசு மேற்கொண்ட நடவடிக்கைகள் புகைப்படங்களாகப் பதிவு செய்யப்பட்டன. வீடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பணியாளர்கள், சோதனைக் குழுவினர், வரிசையாகக் கட்டில்கள் போடப்பட்ட மருத்துவக் கொட்டகைகள் ஆகியவை அப்படங்களில் ஒழுங்காகக் காட்சி தருகின்றன. நிர்வாகம் தன் கடமையைச் செய்தது என்பதே அவை சொல்லும் செய்தி.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், ஆலைப் பகுதியில் உள்ள ஆர்தர் சாலை மருத்துவமனையை ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் தாக்கினர் என்று ஆவணங்கள் கூறுகின்றன. நோயாளிகள் வலுக்கட்டாயமாகத் தூக்கிச் செல்லப்பட்டனர். உள்ளே போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற அச்சம் ஊரெங்கும் பரவியிருந்தது. அரசு ஆவணம் இதை வதந்தி என்றும் அறியாமை என்றும் எழுதி முடித்தது. நெரிசலான அறைகளில் தொழிலாளரைக் குடியமர்த்தியவர் யார், குடும்பத்தினருக்குத் தகவல் சொல்லாமல் நோயாளியைப் பிரித்தவர் யார் என்பதை அந்த ஆவணம் கேட்கவில்லை. புகைப்படத்தை மட்டும் பார்த்தால் அச்சம் தெரியாது. ஆவணத்தை மட்டும் படித்தால் அதற்கான காரணம் தெரியாது. இரண்டையும் அருகருகே வைக்கும்போதுதான் 1896இன் கிரண்காவ் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறான கேமராவும் இந்திய வரலாற்றில் உண்டு. 1940களில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடுகளுக்காக சுனில் ஜானா எடுத்த படங்கள் உழைக்கும் மக்களை முகமும் ஆளுமையும் உடைய மனிதர்களாகக் காட்டின. மூன்றாவது வகைப் படங்கள் தொழிலாளர் வீடுகளிலேயே இருக்கின்றன. ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன் நின்று எடுத்த திருமணப் படம், சங்க நிர்வாகிகளின் குழுப்படம், கபடி அணியின் படம், கணபதி மண்டலின் படம் என்று அவை பலவகை. எந்தக் காப்பகத்தின் பட்டியலிலும் இடம்பெறாத இப்படங்களில் இருப்போரின் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர்.

எதிரி எழுதிவைத்த ஆவணம்

தொழிலாளி எழுதிய ஆவணங்கள் குறைவு. தொழிலாளியைப் பற்றி எழுதப்பட்ட ஆவணங்கள் ஏராளம். காவல்துறை அறிக்கை, ஆலை முதலாளிகள் சங்கத்தின் அறிக்கை, அரசு விசாரணைக் குழுக்களின் பதிவுகள் ஆகியவை ஆளும் வர்க்கத்தின் தேவைக்காக எழுதப்பட்டவை. அதற்காக அவற்றை ஒதுக்கித் தள்ளத் தேவையில்லை. அவற்றைப் படிக்கும் முறையே முக்கியம்.

1921இல் பம்பாயில் தொழிலாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பற்றி அது நடத்திய ஆய்வு, 97 சதவீதக் குடும்பங்கள் ஒற்றை அறையில் வாழ்ந்ததாகப் பதிவு செய்தது. ஊதியத்தை அளக்கத் தொடங்கப்பட்ட கணக்கெடுப்பு, முதலாளித்துவத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகவே இன்று வாசிக்கப்படுகிறது.

1908 ஜூலையில் பாலகங்காதர திலகருக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது, பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். காவல்துறைக்கு அது கலவரம். அதே ஆண்டில் லெனினோ, இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் போராட்டத்துக்குப் பக்குவமடைந்துவிட்டதன் அடையாளமாக அதைக் கண்டார். காப்பகத்தில் தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ‘வேலைநிறுத்தம்’ என்ற தலைப்பில் கிடைக்காதது ‘சட்டம் ஒழுங்கு’, ‘கலவரம்’ ஆகிய தலைப்புகளின் கீழ் கிடைக்கக்கூடும்.

மீரட் சதி வழக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. 1928இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஆறு மாத காலம் நடத்திய பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, செங்கொடிச் சங்கம் என்ற பொருள்படும் ‘லால் பாவ்டா’ கிர்ணி காம்கார் யூனியன் உருவானது. அடுத்த ஆண்டு மார்ச் 20 அன்று டாங்கே, மிரஜ்கர், ஜோக்லேகர், நிம்ப்கர் உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். சங்கக் கடிதங்கள், துண்டறிக்கைகள், கூட்டக் குறிப்புகள் அனைத்தையும் காவல்துறை அள்ளிச் சென்று சான்றாவணங்களாக நீதிமன்றத்தில் அடுக்கியது. இயக்கத்தை அழிக்கத் திரட்டப்பட்ட அந்தக் காகிதங்கள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இயக்கத்தின் தொடக்கக் காலத்தை ஆராய்வோருக்கு அவை அடிப்படை ஆதாரங்கள்.

வாய்மொழியும் அதன் பிழைகளும்

மீனா மேனனும் நீரா அடார்க்கரும் கிரண்காவ் மக்களிடம் நேர்காணல்கள் எடுத்து, ‘நூறு ஆண்டுகள், நூறு குரல்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2004இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டனர். தொழிலாளர், சங்க ஊழியர், கலைஞர், பெண்கள் என்று பலதரப்பட்டோர் அதில் தங்கள் சொற்களில் பேசுகின்றனர். கிரண்காவ் என்பது ஆலை மட்டுமல்ல என்பதை அந்நூல் உணர்த்துகிறது. ‘சால்’ எனப்படும் வரிசைக் குடியிருப்பு, ஒரே அறையில் முறைவைத்து உறங்கிய ஆண்கள், அவர்களுக்குச் சோறு போட்ட ‘கானாவள்’ என்ற வீட்டுச் சாப்பாட்டுக்கூடம், உடற்பயிற்சிக்கூடம், அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரின் செங்கொடிக் கலைக்குழு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த ஊர்.

வாய்மொழியில் பிழை வரும். ஆண்டு மாறும், இரு நிகழ்ச்சிகள் ஒன்றாகும், இல்லாத தலைவர் மேடையில் இருப்பார். இதைக் காரணம் காட்டி வாய்மொழியைப் புறக்கணிப்பவர்கள் உண்டு. இத்தாலிய ஆய்வாளர் அலெஸாண்ட்ரோ போர்டெல்லி இதற்குத் தக்க பதில் தந்தார். டெர்னி என்ற உருக்காலை நகரில் 1949 மார்ச்சில், நேட்டோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் போர்டெல்லி விசாரித்தபோது, தொழிலாளர் பலர் அந்தச் சாவை 1953இல், ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை எதிர்த்து நடந்த தெருப் போராட்டத்தில் நிகழ்ந்ததாகக் கூறினர். ஆண்டு தவறு. ஆனால் தங்கள் வாழ்வைப் புரட்டிப் போட்டது எது என்று தொழிலாளர்கள் கருதினர் என்பதை அந்தத் தவறே காட்டிக் கொடுத்தது. ஆண்டைச் செய்தித்தாளில் சரிபார்த்துத் திருத்த வேண்டும். நினைவு ஏன் இடம் மாறியது என்பதையும் எழுத வேண்டும்.

வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை என்று கிரண்காவின் முதியவர்கள் சொல்வதை இந்த நோக்கில் புரிந்துகொள்ள வேண்டும். அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வரவில்லை என்ற தகவலோடு, தோற்றுப்போனதாக ஒப்புக்கொள்ளாத ஒரு வர்க்கத்தின் மனநிலையும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

விடுபட்ட குரல்கள்

ஊரின் நினைவுக்கும் மௌனங்கள் உண்டு. எல்லோரும் ஒரு குடும்பம்போல் வாழ்ந்தோம் என்ற வாசகம் தொழிலாளர் குடியிருப்பு எதிலும் கேட்கக் கூடியது. அதில் உண்மை உண்டு, மறைப்பும் உண்டு.

பம்பாய் ஆலைகளில் கூடுதல் ஊதியம் தந்த நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. நாடாவில் புதிய நூல் கண்டை மாற்றும்போது நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் மற்றவர் வாய் வைக்க நேரிடும் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். 1928 வேலைநிறுத்தக் காலத்தில் டாக்டர் அம்பேத்கர் இப்பிரச்சனையை வலுவாக எழுப்பினார். செங்கொடியின் வரலாற்றை எழுதுவோர் அந்த மாபெரும் போராட்டத்தை எழுதும் அதே பக்கத்தில் இதையும் எழுத வேண்டும். 1974 ஜனவரியில் வொர்லி பி.டி.டி. சால்களில் சாதிக் கலவரம் மூண்டதன் வேர்களைத் தேடும்போது, ஆலைக்குள் இருந்த இந்தச் சுவரையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெண்களின் நிலையும் அவ்வாறே. 1920களில் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலோர் வைண்டிங், ரீலிங் பிரிவுகளில் இருந்தனர். பின்னர் ஆட்குறைப்பும் எந்திர மாற்றமும் வந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே. 1890 ஏப்ரலில் நாராயண் மேகாஜி லோகண்டே கூட்டிய கூட்டத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் வாராந்திர விடுமுறை கோரித் திரண்டனர். ஜூன் மாதம் முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். அக்கூட்டத்தில் பேசியவர்களில் ‘இரண்டு பெண் தொழிலாளர்கள்’ இருந்தனர் என்ற அளவிலேயே பல நூல்கள் அவர்களைக் குறிப்பிட்டு நகர்ந்துவிடுகின்றன.

வேலை இழந்த பெண்கள் வீட்டில் சும்மா இருக்கவில்லை. பலர் கானாவள் நடத்திப் பத்து, பதினைந்து ஆண்களுக்குச் சமைத்தனர். வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த இவர்களை கம்யூனிஸ்ட் தொழிற்சங்க ஊழியர் பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பில் திரட்டினார். 1982 வேலைநிறுத்தத்தின்போது காய்கறி விற்றும் வீட்டு வேலை செய்தும் குடும்பத்தைத் தாங்கியவர்களும் பெண்களே. ஆலையின் ஹாஜர் பதிவேட்டில் இவர்கள் பெயர் இராது. நேரில் சென்று கேட்டால் மட்டுமே இந்த வரலாறு கிடைக்கும். கணவர் அருகில் அமர்ந்திருக்கும்போது மனைவி பேசுவது குறையும் என்பதால் தனியே கேட்க வேண்டும்.

தொகுப்போர் கைக்கொள்ள வேண்டியவை

இந்த வேலைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் ஒழுங்கும் தேவை. கிளைகளும் சங்கங்களும் வாசகசாலைகளும் இதை மேற்கொள்ள முடியும்.

முதலாவது, வீட்டுப் படங்களையும் காகிதங்களையும் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே நகல் எடுத்து, மூலத்தைக் குடும்பத்திடமே விட்டுவர வேண்டும். இரண்டாவது, படத்தில் இருப்போரின் பெயர், இடம், ஆண்டு, தகவல் சொன்னவர் யார் என்பவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். பெயர் தெரியாதவரைத் தெரியாதவர் என்றே குறிக்க வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. மூன்றாவது, ஒருவரது குரலைப் பதிவு செய்யும் முன் அவரது சம்மதத்தைப் பெற வேண்டும். எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கே உரியது. நான்காவது, ஒரே நிகழ்ச்சி குறித்து இருவர் முரண்பட்டுச் சொன்னால், இரண்டையும் பதிந்து, செய்தித்தாளோடும் அரசு ஆவணத்தோடும் ஒப்பிட வேண்டும். ஐந்தாவது, சங்க அலுவலகத்தில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும் தீர்மானப் புத்தகங்கள், சந்தா ரசீதுகள், துண்டறிக்கைகள் ஆகியவற்றை முதலில் காப்பாற்ற வேண்டும். அரசின் காப்பகத்தைக் குறை சொல்லும் முன் சொந்த அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்லது.

தொகுத்தவை மக்களிடமே திரும்பிச் செல்லவும் வேண்டும். தெருமுனைக் கண்காட்சியில் ஒரு பழைய படத்தை வைத்தால், அதில் இருப்பவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். வீட்டில் இருக்கும் வேறொரு படத்தை மற்றொருவர் எடுத்து வருவார். தொகுப்பு அவ்வாறே வளரும். பணியைச் சான்றளிக்கும் காகிதங்களின் நகல்கள் ஒரே இடத்தில் சேரும்போது, வீட்டுரிமை கேட்கும் தொழிலாளிக்கும் அவை துணை நிற்கும்.

பழைய கட்டடத்தின் மீது காதல் கொள்வது வேறு, அதில் வாழ்ந்தோரின் வரலாற்றைக் காப்பது வேறு. 1920களில் வொர்லி, நய்காவ், சிவ்ரி, டிலைல் சாலை ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களாக எழுப்பப்பட்ட பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை. அவை இடிக்கப்பட்டுப் புதிய வீடுகள் எழும்போது, பழமையின் பெயரால் மக்கள் அந்த அறையிலேயே கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. இடிபடும் முன் அந்த அறைகளைப் படமெடுப்பதும், அங்கு வாழ்ந்தோரின் சொற்களைப் பதிவு செய்வதும், புதிய வீடு அவர்களுக்கே கிடைப்பதை உறுதி செய்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

காலாசௌக்கியில் உள்ள இந்தியா யுனைடெட் ஆலை வளாகத்தில் ஜவுளி அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அங்கே தறியும் கொதிகலனும் வைக்கப்படலாம். தறியை ஓட்டியவரின் டிக்கெட் எண்ணும், கானாவளின் கணக்கு நோட்டும், நெசவுப் பிரிவின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவரின் சாட்சியமும் அங்கு இடம்பெறுமா என்பது, அவற்றை இன்று யார் திரட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1982இல் இருபது வயதில் ஆலைக்குள் நுழைந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அன்று நாற்பதைக் கடந்திருந்தவர்களில் பலர் இன்று இல்லை. மும்பைக்குச் சொன்ன இது கான்பூருக்கும், அகமதாபாத்துக்கும், கோவைக்கும் பொருந்தும். ஆலை மூடிய ஒவ்வோர் ஊரிலும் இந்த வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.